எழுத்தை வரையுந் தொழில்

சொல்லைப் பொருளுக்காக ஆராய்வார் பலர். ஓசைக்காகப் போற்றுவாரும் உளர். அச்சொல் நம் கண்ணெதிரே என்ன உருவோடு வந்து நிற்கின்றது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. அவ்வுருவத்தை ஆக்குவதையே தொழிலாகக் கொண்டவன் யான். வரைகலை என இக்காலத்தார் இதனை வழங்குவர். நம் கலாசாலையின் பழைய மாணவன் என்னும் உரிமையால் இத்தொழிலைப் பற்றிச் சில கூறத் துணிகின்றேன்.

எனது ஊர் கனகம்மாசத்திரம். திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. அவ்வழியே மேற்சென்றால் திருப்பதியை அடையலாம். ஆந்திர எல்லையும் அணித்தே உள்ளது. திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் நாளிலேதான் ஆந்திரப் பிரதேசத்தினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு ஒரு நாளில் மாறலாம். நாவும் கண்ணும் அவ்வாறு மாறுவன அல்ல. எம் கடைத்தெருவில் இன்றும் இரு மொழியும் ஒலிக்கின்றன.

எந்தையார் அவ்வூரில் போர்டு எழுதுபவராயிருந்தார். தமிழெழுத்தும் தெலுங்கெழுத்தும் அவர் கைக்கு ஒன்றே போல் வசப்பட்டவை. தமிழ் எழுத்து நேர்கோடுகளை ஊன்றி நிற்பது. தெலுங்கு எழுத்தோ வட்டமாய்ச் சுழன்று தலையிலொரு சிறு கீற்றைச் சூடுவது. இரண்டையும் ஒரே அளவில் அடைத்தால் ஒன்று பெருத்தும் மற்றொன்று மெலிந்தும் தோன்றும். ஆதலால் அவர் அளவுகோலை நம்பாது கண்ணை நம்புவார். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசினர் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது, ‘வெற்றிலை’ என்பதிலுள்ள ‘லை’ தன் பழைய துதிக்கையை இழந்தது. பழக்கப்பட்ட வளைவை ஒரே ஆண்டில் மறக்கக் கை எளிதில் இணங்கவில்லை என்று அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து செல்வார்க்காகத் தண்ணீர்ப் பந்தல்களின் பலகைகளை அவர் எழுதுவார். எழுதி முடித்ததும் சாலையின் மறுபக்கம் சென்று நின்று படித்துப் பார்ப்பார். “ஓடுகிற பஸ்ஸிலே இருக்கிறவனுக்கு எழுது தம்பி, நின்று பார்க்கிறவன் எப்படியும் படித்துக்கொள்வான்” என்பது அவர் எனக்குக் கற்பித்த பாடம். பிற்காலத்தில் யான் கற்ற நூல்களுள் இதனினும் தெளிவாகக் கூறிய நூலைக் கண்டிலேன்.

2000ஆம் ஆண்டிற்குப் பின் பிளக்ஸ் பலகைகள் வந்தன. மூன்று நாள் வேலையைப் பொறி சில நிமிடங்களில் முடித்தது. தூரிகைகள் பரணில் ஏறின. அவர் தூரிகையை ஓய்த்த கணினியே எனக்குச் சோறு போடுகின்றது. இதனை யான் மறந்ததில்லை. அவரும் ஒருநாளும் சுட்டிக்காட்டியதில்லை. அவரிடம் பெற்ற கண்ணைப் பொறியின் உள்ளேயும் கொண்டுசென்று வைப்பதே யான் செலுத்தத்தக்க கடன் என்று கொண்டேன்.

அக்கடனை மூவகையாகச் செலுத்துகின்றேன். முதலாவது, லோகோ என்று கடைக்காரரும் சொல்லும் இலச்சினை. நம் ரூபாய்க் குறியீடே இதற்குத் தக்க சான்று. 3,000க்கு மேற்பட்ட வரைவுகளினின்று தேர்ந்து, 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாளில் மத்திய மந்திரிசபை அதனை ஏற்றது. அதனை வரைந்த உதயகுமார் தமிழர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழெழுத்தின் வடிவத்தையே ஆராய்ந்தவர். தேவநாகரியின் ரகரத்தையும் ஆங்கிலத்தின் ஆர் எழுத்தையும் ஒன்றாக்கிய சில கோடுகள், இன்று கீரைக்கடை அட்டை முதல் வங்கிக் கணக்கு வரை எங்கும் நிற்கின்றன. இலச்சினை சிறிதாயினும் அது ஒரு வாக்குறுதி. எண்ணெய்ச் செக்குக்காரர் ஒருவர்க்கு ஒற்றைத் துளியை வரைந்து கொடுத்தேன். எண்ணெய் கலப்படமாகுமாயின் அத்துளியே அவருக்கு எதிர்ச்சாட்சியாகும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

இரண்டாவது செயலி. பால் ஊற்றுவோர் தம் கணக்கைக் கைப்பேசியிற் காணும்படி ஒரு செயலிக்கு வடிவமைக்க நேர்ந்தது. ஆங்கிலத்தைப் பெரிதாக இட்டுத் தமிழையும் தெலுங்கையும் அடியிற் சிறிதாக இட்டாற் போதும் என்றனர் அதனை நடத்துவோர். ஆங்கிலத்துக்கு அளந்த வரியிலே தெலுங்கின் கீழொற்று வெட்டுப்படும். தமிழ்ச்சொல்லோ நீளத்தால் பொத்தானுக்கு வெளியே வழியும். தமிழெழுத்தின் இயல்பும் எளிதன்று. உகர ஊகாரங்கள் மெய்தோறும் வேறு வேறு உருக்கொள்ளுதலால், 18 மெய்களுக்கும் 36 வடிவங்களைத் தனித்தனியே வரைதல் வேண்டும். இவற்றையெல்லாம் பலமுறை எடுத்துரைத்து மன்றாடிய பின்னரே, பால்காரர் தத்தம் மொழியையே முதன்மையாகக் காணும் ஏற்பாட்டுக்கு அவர்கள் இசைந்தனர். சோதனை நாளன்று ஓர் அம்மையார், பக்கத்தில் இருந்தவரைக் கேளாமல் தம் தொகையைத் தாமே படித்துக் கூட்டிப் பார்த்தார். பிறர் சொல்லக் கேட்டு நம்புவதற்கும் தாமே கண்டு அறிவதற்கும் உள்ள வேற்றுமையை அன்று அவர் முகத்திற் கண்டேன்.

மூன்றாவது, சித்திரத்தாற் கதை சொல்லுதல். மருந்து உண்ணும் வேளையைப் படங்களால் உணர்த்த முயன்றபோது, காலைக்கு அரைச் சூரியனை வரைந்து காட்டினோம். “இது உதிக்கிறதா, மறைகிறதா?” என்று வினவினார் ஒரு மூதாட்டி. சேவலும் வாசற்கோலமும் அதன் இடத்தைப் பெற்றன. வரைந்தவற்றை உரியவர்க்குக் காட்டிக் கேட்பதற்காகவே இச்சோதனைகளை வைக்கின்றோம்.

இத்தகைய கவலை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஜெர்மானிய நாட்டு ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் பருத்திருந்தமையால் காகிதம் மிகச் செலவாயிற்று. ஆகவே சீகன்பால்கு ஐயர் காலத்திலேயே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். எழுத்தை வாசிப்போர் நிலைக்கு இணக்கும் முயற்சி மூன்று நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றது.

மாணவ நண்பர்காள்! உங்களுள் இத்தொழிலை மேற்கொள்வார் சிலரே ஆவர். ஆயினும் அறிவிப்புத் தாளோ, சங்கத்தின் அழைப்பிதழோ எழுதாதார் ஒருவரும் இரார். அடுத்த முறை எழுதும்போது தமிழை எஞ்சிய இடத்திலே ஒடுக்காதீர்கள். எழுதிய பின் எட்ட நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அவ்வாறு பத்தடி பின்னே நகர்ந்து பார்க்கும் கண், நம்மை நாடி வருவோர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும்.