பின்பாரம்

கல்யாண வயதுப் பெண் தன் அம்மாவிடம் என்ன கேட்பாள்? புடவை கேட்பாள், வளையல் கேட்பாள். ரொம்பப் போனால் ஸ்கூட்டர் கேட்பாள். என் பெண் கேட்டது ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு கொக்கி! சிரிக்காதீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

சென்னைக்குப் படிக்கப் போனவள் அங்கே பாய்மரப் படகு ஓட்டப் பழகிவிட்டாள். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி, 2021-ல் டோக்கியோ போய்வந்த சென்னைப் பெண் நேத்ரா குமணன். அவர் படம் இவள் மேஜையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், பழைய லேசர் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கியேவிட்டாள். பதினாலு அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். வெறும் உடல் மட்டும் 59 கிலோ.

வாசலில் இறக்கினால் போதுமா, தண்ணீர் வேண்டாமா? எங்கள் ஆறுகளில் பத்து மாதம் மணல், மீதி நாள் மதகு. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் கடற்கரை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெப்போலியன் தோற்றதற்காகச் சரபோஜி மன்னர் மனோரா கோபுரம் எழுப்பினாரே, அந்த மல்லிப்பட்டினம் பக்கம்தான். அங்கே படகை இழுத்துப் போக ஒரு டிரெய்லரும் வந்து சேர்ந்தது. எங்கள் பழைய ஜீப்போடு அதை இணைக்கக் கொக்கி வேண்டும்.

கொக்கி என்கிறேனே தவிர, அது ஓர் இரும்புக் குண்டு. டிரெய்லரின் முன்கையிலிருக்கும் கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். குழவியை நிமிர்த்தி வைத்து, ஆட்டுக்கல்லை அதன்மேல் கவிழ்த்தாற்போல! கடைக்காரர், "எல்லாத்துக்கும் பொருந்தும்மா" என்று ஒரு குண்டைக் கொடுத்தார். பட்டறையில் மாட்டினோம். வாசலில் இழுத்துப் பார்த்தோம், சமர்த்தாக வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நெல்வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, பின்பாரமா இருக்கே" என்றார்.

"அதெல்லாம் மாட்டு வண்டிக்குத்தான் தாத்தா" என்று சிரித்தாள் என் பெண்.

அவர் பதில் பேசவில்லை. எழுந்து போய்க் கொல்லையிலிருந்து ஒரு வடக்கயிற்றைக் கொண்டுவந்து, டிரெய்லரின் முன்கையையும் ஜீப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

நானும் கூடப் போனேன். புது ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. 'மடக்'கென்று ஒரு சப்தம். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் குண்டைவிட்டு எகிறிக் கயிற்றில் தொங்குகிறது! டிரெய்லர் இப்படியும் அப்படியும் அலைகிறது. பின்னால் மொபெட்டில் ஒரு பெண்மணி, முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு வந்தவள், பிரேக் போட்டுச் சாய்ந்து நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றாளே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"படகை விற்றுவிடு" என்றார் என் கணவர். அப்புறம் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி என் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நானும் போனேன். குண்டின் தலையிலேயே அளவைப் பொறித்திருக்கிறார்கள், நாங்கள்தான் பார்க்கவில்லை. குண்டு ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம். கிண்ணமோ இரண்டு அங்குலத்துக்கு! அரைக்கால் அங்குல வித்தியாசம் சமதரையில் தெரியாது; மேடு வந்தால்தான் தெரியும்.

அது மட்டுமல்ல. காலையில் பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "மூட்டையைப் பின்னால ஏத்துனா நுகத்தடி மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்னால ஏத்துனா கழுத்தை அமுக்கும். கொஞ்சமா முன்பாரம் இருக்கணும்" என்றார். எங்கள் படகு அச்சுக்குப் பின்னால் நீண்டு, கிண்ணத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் சொன்ன 'கொஞ்சம்' எவ்வளவு தெரியுமா? மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. படகும் டிரெய்லரும் சேர்ந்து எங்களுக்கு 200 கிலோ. ஆகவே முன்கையில் 20 கிலோ. நான் மாதாமாதம் ஏறி நின்று பெருமூச்சு விடுகிற எடை மிஷினை முன்கைக்குக் கீழே வைத்து, முள் இருபதைத் தொடும்வரை படகை முன்னால் நகர்த்தினோம்.

புதிதாக இரண்டு அங்குலக் குண்டு வாங்கினோம். பூட்டுக்குக் குறுக்கே ஓர் ஆணி. கயிற்றுக்குப் பதில் இரண்டு சங்கிலிகள், கிண்ணத்துக்கடியில் பெருக்கல் குறிபோல. பூட்டு கழன்றாலும் முன்கை சங்கிலித் தொட்டிலில் விழும், தரையில் குத்தாது. பூட்டியபின் முன்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பூட்டியதாக அர்த்தம். டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம் என்பதால், பதிவுக்காக அலைந்தது தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன்.

இவ்வளவையும் என் கணவர் ஈஸிசேரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது தாமே எழுந்து வந்து முன்கையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "மெதுவா ஓட்டு" என்றார்.

மல்லிப்பட்டினத்தில் காற்று நன்றாக இருந்தது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு என் பெண் புறப்பட்டாள்; துணைக்கு ஒரு மீனவர் படகு பின்னாலேயே போயிற்று. வெள்ளைப் பாய் சின்னதாகிக்கொண்டே போவதைப் பெரியவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அம்மா, அந்தப் பாயைப் பிடிச்சிருக்கிற கயிறு ஒண்ணுதானா?" என்று கேட்டார்.