அப்பா கேட்ட பாஸ்வேர்டு

எங்க கம்பம் பக்கம் சனிக்கிழமைன்னா கூலி நாள். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, தேனியில ஹாஸ்டல்ல இருக்கேன், அப்பாகிட்ட இருந்து போன். "ஏன்டா, பொட்டி என்னை உள்ளயே விட மாட்டேங்குது. என்ன பாஸ்வேர்டு வச்ச?"

எனக்கே ஞாபகம் இல்லைங்க!

அது அக்காவோட லேப்டாப். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, பிளஸ் டூ படிக்கிறப்ப வாங்கினது. பேட்டரி செத்து வருஷமாச்சு. சார்ஜரை மாட்டினா ஓடும். விண்டோஸ் வைரஸ்ல படுத்துடுச்சு. கூடவே வந்த, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் மட்டும் அசரலை. (இது 'என்ன பாஸ்' இல்ல. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்!) திராட்சைத் தோட்டத்துல யார் எத்தனை நாள் கவாத்துக்கு வந்தாங்க, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ்னு அப்பா அதுலதான் எழுதுவார். முந்தின வாரம் லீவுக்குப் போனப்ப, 'செக்யூரிட்டி முக்கியம்ப்பா'ன்னு அட்மின் பாஸ்வேர்டு, லாகின் பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்தினது இன்ஜினீயரிங் படிக்கிற இந்த அதிமேதாவிதான்.

காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? மறந்த பாஸ்வேர்டை லினக்ஸ்கிட்ட கேட்டு வாங்கவே முடியாது. அதுக்கும் தெரியாது. பாஸ்வேர்டை அரைச்சு மாவாக்கி, அந்த மாவைத்தான் 'ஷேடோ'ங்கிற ஃபைல்ல வச்சிருக்கும். மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? புதுசா ஒண்ணு போடறதுதான் வழி.

ஆன் பண்ணினதும் எந்த சிஸ்டம் வேணும்னு கேட்கிற 'கிரப்' மெனு வரும். லினக்ஸ் மேல நின்னு 'இ' அழுத்தணும். 'லினக்ஸ்'னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில 'இனிட்=/பின்/பாஷ்'னு சேர்த்து, எஃப்10 தட்டினா, பாஸ்வேர்டே கேட்காம உள்ளே விட்டுடும். அப்புறம் 'பாஸ்வேர்டு'ங்கிற வார்த்தையில 'ஓ', 'ஆர்' ரெண்டையும் விட்டுட்டு அடிச்சு, பக்கத்துல அப்பா பேர், புதுப் பாஸ்வேர்டு ரெண்டு தடவை.

எரர்! அதே வரியில 'ஆர்ஓ'ன்னு இருக்கிறதை 'ஆர்டபிள்யூ'ன்னு மாத்த மறந்துட்டேன். 'ஆர்ஓ'ன்னா படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. மாத்தினேன், திறந்துச்சு. (இதைப் போய் காலேஜ் லேப்ல செஞ்சு பார்க்காதீங்க மக்களே.)

பாராட்டு வரும்னு திரும்பினா, "இவ்வளவுதானா? அப்ப எந்தத் திருடனும் திறந்துடுவானா?"ன்னார் அப்பா. ஆமாம்னேன். ஹார்டு டிஸ்க்கையே பூட்டுற 'என்கிரிப்ஷன்' இருக்குப்பா, ஆனா அந்தப் பாஸ்வேர்டை மறந்தா கணக்கு மொத்தமும் போயிடும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "வேணாம்டா. பார்த்தா பார்த்துட்டுப் போறான்."

சாயங்காலம் ஒரு அக்கா கூலி வாங்க வந்தாங்க. "அட்வான்ஸ் ரெண்டாயிரம் வாங்கியிருக்கியேம்மா"ன்னு அப்பா பிடிக்கப் போனார். "ஆயிரத்து ஐந்நூறுதாண்ணே." லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தோம். ஆயிரத்து ஐந்நூறுதான்.

அன்னைக்கு ராத்திரி பாஸ்வேர்டை அப்பாவே மறுபடி மாத்திட்டார். என்னன்னு கேட்டேன், சொல்லலை.