அலை அரித்த ஊரில் மூன்று நாள்

விடுமுறை வந்துவிட்டால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுவது நம்மவர் வழக்கம். எந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஓடினோமோ, அந்தக் கூட்டம் நமக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்! அம்பத்தூர்த் தொழிற்பேட்டை லாரிகளின் கர்ஜனைக்கு மேலே குரலெடுத்துப் பாடம் சொல்லித் தொண்டை கட்டிப் போன எனக்கு வேண்டியிருந்தது நிசப்தம் ஒன்றுதான். ஆகையால் காலாண்டு விடுமுறையில், யாத்திரிகர் எவரும் நாடாத புரட்டாசி வெயிலில், தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். "விடைத்தாள் கட்டு பெட்டியில் ஏறினால் நான் ரயிலில் ஏற மாட்டேன்" என்று என் மனைவி முன்கூட்டியே நிபந்தனை போட்டிருந்தாள்.

என் தகப்பனார் கடைசிவரை மாயவரம் என்றே சொல்லி வந்த மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடித்தோம். 1926-ல் தரங்கம்பாடி வரையில் போட்ட ரயில் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். விடுதியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, சாயங்கால வெயிலில் மஞ்சளாக நின்றது. 1845-ல் அவர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். விலை பேசியவர்கள் ஊர் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? அதுதான் இல்லை. ஆனாலும் 1706-ல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்க் பாதிரியாரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் பட்டறையும் வைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இதற்காகவாவது கைகூப்ப வேண்டாமா?

கோட்டையைவிட எங்களைக் கட்டி நிறுத்தியது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல், ஏற்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் குவித்திருக்கிறார்கள். அந்தப் பாறையொன்றில் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

"எங்க பாட்டனார் காலத்திலே இதுக்கு அப்பாலும் மணல் கிடந்துச்சாம், ஸார்" என்று அலைகளுக்கு நடுவே விரலை நீட்டினார்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். இரண்டு பேர்களைச் சொன்னார். பிறகு வலையில் ஒரு கண்ணியை அவிழ்த்து மறுபடி முடிந்தார். ஆழிப்பேரலைக்குப் பின் கடலைவிட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம்.

"வீடு நல்ல வீடுதாம்மா. ஆனா அலைச் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் என் மனைவியைப் பார்த்து.

நிசப்தம் தேடி வந்த எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளோ பாறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். இருட்டும் வரையில் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு, "நாளைக்கே கிளம்பத்தான் வேணுமா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிரயாணத்தை ஒரு நாள் ஒத்திப் போட்டோம்.