கல்வராயன் மலையில் ஓர் இரவு



கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றுதான் நம் குடும்பங்கள் புறப்படுகின்றன. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக நிற்கும் கல்வராயன் மலையை நாடுவோர் குறைவு. அதன் அடிவாரத்து ஊர்க்காரர்களாகிய நாங்களே சென்ற கோடையில்தான் முதன்முதலாக அங்கே குடும்பத்தோடு தங்கினோம். எங்களை அழைத்துச் சென்றது மலையின் குளிர்ச்சி அன்று. எங்கள் தாயாரின் வேண்டுகோள்.

அத்தா வஃபாத்தான பிறகு வீட்டைப் பாகம் பிரித்ததில் என் அண்ணன்மார் இருவருக்குள்ளும் மனத்தாங்கல் உண்டாகிவிட்டது. பெரியண்ணன் சென்னைவாசி. சின்னண்ணன் ஊரிலேயே அம்மாவுடன் இருப்பவர். இரண்டு ஆண்டுகளாக அவர்களுக்குள் ஸலாமும் இல்லை. சுகம் விசாரிப்பும் இல்லை. "நான் கண்மூடுமுன் என் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஓர் இரவு உறங்க வேண்டும்" என்றார் அம்மா. நடுவே சுவர் எழும்பிவிட்ட வீட்டில் அதற்கு இடமேது? ஆகவே, கரியாலூரில் ஒரு சிறு விடுதியைப் பேசி முடித்தேன்.

சனிக்கிழமை காலை, குழந்தைகளுடன் பத்தொன்பது பேர் வேனில் புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தைக் கடந்தால் கோமுகி அணை. கோடையில் நீர் வற்றிக் கரை அகன்று கிடந்தது. எங்கள் ஊர் வழியே ஓடும் கோமுகி இம்மலையில்தான் பிறக்கிறது. மணிமுத்தாறும் இங்கேதான் பிறக்கிறது. வேறு வேறு வழியில் இறங்கும் இரண்டும் சமவெளியில் ஒன்றாகி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா இதைக் கேட்டதும், "ஒரு மடியில் பிறந்தவை எங்கே போனாலும் சேரத்தான் செய்யும்" என்றார். அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருந்தனர்.

மலைமேல் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். கடுக்காயும் தேனும் சேகரிக்கிறார்கள். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களிடம் பங்குபட்டுக் கிடந்தது. 1976-ஆம் ஆண்டில் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்களின் மலையே கைமாறிவிட்டது. நாமோ நான்கு முழச் சுவருக்காக முகம் திருப்பிக் கொள்கிறோம்!

பெரியார் அருவியில் நீர் மெலிந்திருந்தது. ஆனாலும் பிள்ளைகளின் கும்மாளத்திற்குக் குறைவில்லை. மாலையில் கரியாலூர்ப் படகுக் குளத்தருகே பலாச்சுளை விற்ற மூதாட்டியிடம் அம்மா பேரம் பேசவே இல்லை. "விருந்துக்கு வந்த இடத்தில் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

இரவு இஷாத் தொழுகைக்குக் கூடத்தில் பாய் விரித்தோம். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்பதால் என்னையே இமாமாக நிற்கச் சொன்னார்கள். நான் பின்வாங்கிப் பெரியண்ணனை முன்னே நிறுத்தினேன். அவர் சென்னையிலிருந்து வந்த முஸாஃபிர். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். உள்ளூர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கஸ்ருக்குரிய 48 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர் தொலைவை நாங்கள் கடந்திருக்கவில்லை.

இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்த பெரியண்ணன், "நான் பயணி, நீங்கள் பூர்த்தி செய்துகொள்ளுங்கள்" என்றார். சின்னண்ணனும் நாங்களும் எழுந்து மீதியைத் தொழுதோம். முடித்துத் திரும்பியபோது பெரியண்ணன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. சின்னண்ணனின் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அம்மாவுக்குச் செய்ய வேண்டியதிலும் நான் இரண்டு ரக்அத்தோடு எழுந்து போய்விட்டேன். மீதியையெல்லாம் நீதான் பூர்த்தி செய்தாய்."

சின்னண்ணன் பேசவில்லை. பற்றிய கையை விடவும் இல்லை. அன்றிரவு பாய்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. அம்மா நடுவில் படுத்துக்கொண்டு, இருட்டிலேயே ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டு உறங்கினார்.

வீட்டு விவகாரம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சுவர் இன்றும் நிற்கிறது. ஆனால், இரு பக்கமிருந்தும் இப்போது ஸலாம் கேட்கிறது. இந்த ரமலானில் பெரியண்ணனின் நோன்பு திறப்பு ஒருநாள் சின்னண்ணன் வீட்டில்தான்.

அன்பர்களே! பாகம் பிரிப்பது மார்க்கம் காட்டிய வழி. உறவைப் பிரிப்பதோ மார்க்கம் தடுத்த பாவம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதன்று என்பதை நாம் அறியாதவர்களா? வரும் கோடையில் எந்த மலைக்குப் போவது என்று திட்டமிடும்போது, யாரை உடன் அழைப்பது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். நீங்கள் பேசாதிருக்கும் அந்த ஒருவருக்கும் வண்டியில் இடம் வையுங்கள். அல்லாஹ் நம் உறவுகளைச் சேர்த்து வைப்பானாக, ஆமீன்.