இன்றிரவு எந்தப் படம்?

காதல் படம் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது உடன் வேலை செய்யும் ஒருவர் சிரித்துவிட்டார். காணி உறுதி இல்லாமலும், நுண்கடன் கட்ட வழியில்லாமலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டும் எத்தனையோ பெண்கள் இருக்கும்போது படம் பற்றியா எழுதப் போகிறீர்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பத்து வருடங்களுக்கு மேலாகக் கிராமங்களில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்துவரும் எனக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். கோழி வளர்ப்புக்கு உதவி வேண்டுமா, தையல் இயந்திரம் வேண்டுமா என்று கேட்டால் உடனே பதில் வரும். உங்களுக்கு என்ன படம் பார்க்க விருப்பம் என்று கேட்டால் பதில் வராது. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. யுத்த காலத்தில் எங்கள் பெண்களுக்காக மற்றவர்களே எல்லாவற்றையும் தெரிவுசெய்தார்கள். எந்தப் பாடசாலையில் தங்குவது, எந்த முகாமுக்குப் போவது, எப்போது ஊர் திரும்புவது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்தார்கள். நிவாரணப் பொதியில் வந்த சேலையின் நிறத்தைக்கூட நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அப்படிப் பழகிய ஒருவரிடம் திடீரென்று விருப்பத்தைக் கேட்டால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

படம் பார்த்த கதையும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நான் வளர்ந்தது படுவான்கரையில். என் சிறு வயதில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. படம் பார்ப்பதென்றால் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, யாராவது ஒருவரின் வளவுக்குள் வைத்து விடியவிடிய மூன்று படம் ஓட்டுவார்கள். காசு சேர்ப்பது இளந்தாரிப் பொடியன்கள். கொப்பி தெரிவுசெய்வதும் அவர்கள்தான். முதலில் அம்மாமாருக்காக ஒரு சாமிப் படம் போகும், நடுவில் சண்டைப் படம் போகும். காதல் படம் கடைசியில்தான். அதற்குள் பெண்களும் பிள்ளைகளும் பாயில் உறங்கிவிடுவோம். எத்தனையோ காதல் படங்களின் முதல் பத்து நிமிடம் எனக்கு மனப்பாடம், மிச்சம் தெரியாது. மட்டக்களப்பு நகரில் சாந்தி போன்ற படமாளிகைகள் இருந்தன. ஆனால் மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் படகுப் பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். மாலைக் காட்சி பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்புவது எங்கள் பக்கத்துப் பெண்கள் நினைத்தும் பாராத காரியம்.

இப்போது பாலமும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது, கையில் தொலைபேசியும் இருக்கிறது. அதைத் திறந்தால் ‘டேட் நைட்’ என்று பெயர் வைத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கச் சிறந்த பத்துக் காதல் படங்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். ஒரு தடவை குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அப்படியொரு பட்டியலை வாசித்துக் காட்டினேன். சிரிப்பும் கேலியுமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு அக்கா காதல் கோட்டையைச் சொன்னார். 1996 இல் வந்த அந்தப் படத்தில் அஜித்தும் தேவயானியும் முகம் பார்க்காமலே கடிதம் மூலம் காதலிப்பார்கள். அக்காவின் கணவர் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகத்தான் கடிதம் வரும். ஒட்டாத கடிதம். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், அதையும் வேறு யாராவது வாசிப்பார்கள். “மாடு கண்டு போட்டதா எண்டு கேட்டு எழுதுவார். எனக்கு அதுதான் காதல் கடிதம்” என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

இன்னொருவரின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். காணாமல் போனவன் கடைசியில் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்கும் படங்கள் தமிழில் நிறைய உண்டு. அந்த மாதிரிப் படம் என்று தெரிந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவாராம். அந்த இடத்தில் அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை, சொல்லவும் இல்லை.

என்னை அதிகம் கோபப்படுத்தியது மூன்றாவது கதை. 41 வயதான ஒரு விதவைத் தாய், இரவில் காதுக்குள் வயரைப் போட்டுக்கொண்டு 96 படத்தைப் பார்த்திருக்கிறார். 2018 இல் வந்த படம். பாடசாலையில் காதலித்த இருவர் பல வருடங்களுக்குப் பிறகு சந்தித்து ஓர் இரவு முழுக்கப் பேசிவிட்டுப் பிரிகிறார்கள், அவ்வளவுதான் கதை. 19 வயது மகன் கண்டுவிட்டு, “இந்த வயசில உங்களுக்குக் காதல் படம் கேக்குதா?” என்று கேட்டானாம். அவர் தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டார். நல்ல பிள்ளைதான், உழைத்துத் தாயைப் பார்க்கிறான். ஆனால் கணவன் செத்ததோடு மனைவியின் மனதிலும் ஒரு பகுதி செத்துவிட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்குப் பெரிய பெரிய சொற்கள் படித்தேன். அவற்றில் எதுவும் அந்தத் தாய் தொலைபேசியை அணைத்த கணத்தைச் சொல்லப் போதாது. கணவர் இல்லாத வாசகியர், இது எங்களுக்கான பக்கம் இல்லை என்று புரட்டிவிட வேண்டாம். தனியே இருந்து பார்ப்பதற்கும், தங்கச்சியோடும் மச்சாளோடும் இருந்து பார்ப்பதற்கும் காதல் படம் தெரிவுசெய்யலாம். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கணவர் மேசன் வேலை செய்பவர். அவருடைய முதல் மனைவி 2006 இறுதியில் வாகரைப் பக்கம் ஷெல் விழுந்து இறந்துபோனார். அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. 2019 இல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்தோம். மகள் என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். கடந்த வருடம் அவள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகுதான் முதன்முதலாக வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சாப்பிட்டு முடிந்து எட்டு மணிக்கே வீடு அமைதியாகிவிட்டது. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. மகளைப் பற்றித்தானே இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தோம்!

“ஒரு படம் பாப்பமா?” என்று கேட்டேன்.

“பாப்பம். ஒனக்குப் புடிச்சதப் போடு.”

“உங்களுக்கு என்ன விருப்பம்?”

“எனக்கெண்டு ஒண்டுமில்ல.”

கூட்டத்தில் பெண்கள் சொல்லும் அதே பதில். ஆண்களிடமிருந்து இது வரும்போது பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் எனக்கென்று ஒன்றுமில்லை என்று சொல்பவருக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் என் அனுபவம்.

மகள் போவதற்கு முன் ரெமோ பார்க்கச் சொல்லியிருந்தாள். அது 2016 இல் வந்தது. சிவகார்த்திகேயன் தாதி வேடம் போட்டு, வேறொருவருக்கு நிச்சயமான பெண்ணை ஏமாற்றித் தன்னைக் காதலிக்க வைப்பார். அதே வருடம் சென்னை நுங்கம்பாக்கம் புகையிரத நிலையத்தில் ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பெண்ணைத் துரத்துவதைக் காதலென்று காட்டும் படங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. நான் விவாதத்துக்குப் போகவில்லை. சோதனைச் சாவடியைக் கடந்து பாடசாலைக்குப் போன எங்களுக்கு, பின்னால் ஒருவன் சைக்கிளில் தொடர்ந்து வருவது என்ன உணர்வு என்பது தெரியும். அதற்குப் பின்னணி இசை போட்டாலும் எனக்கு வயிறு கலங்கும். அன்றைய இரவுக்கு அது வேண்டாம் என்றேன்.

அவருக்கு வேறொரு எல்லை. வெடிச் சத்தம் கூடாது. கன்னத்தில் முத்தமிட்டால் நல்ல படம், எங்கள் நாட்டுக் கதை என்று பலர் சொல்வார்கள். 2002 இல் வந்த அந்தப் படத்தில் தத்தெடுக்கப்பட்ட ஒரு சிறுமி பெற்ற தாயைத் தேடி இங்கே வருவாள், குண்டு வெடிக்கும், சனங்கள் ஓடுவார்கள். ஓடிய சனங்களே நாங்கள் என்கிறபோது, அதைப் படமாகப் பார்ப்பதற்கென்று ஒரு பகல் வேளையும் துணையும் வேண்டும். இரவில் இருவர் தனித்திருந்து பார்க்கும் படம் அல்ல அது. எந்தப் படத்தையும் கணவரோடு பார்ப்பதற்கு முன் கதையை ஓரளவு விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது என்று குழுக்களில் நான் சொல்வதுண்டு. விளக்கை அணைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனதுக்குச் சரிவராத இடம் வந்தால் சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டா, முழுவதும் பார்த்தே தீர வேண்டும் என்பதற்கு?

எனக்கு உண்மையில் பார்க்க விருப்பமாக இருந்த படம் மௌன ராகம். மணிரத்னம் 1986 இல் எடுத்தது. விருப்பமில்லாமல் கட்டிவைக்கப்பட்ட திவ்யாவிடம் என்ன வேண்டும் என்று கணவன் சந்திரகுமார் கேட்கும்போது, விவாகரத்து வேண்டும் என்று அவள் சொல்வாள். நான் வளர்ந்த சூழலில் ஒரு பெண் புருஷனிடம் அப்படி நேரே சொல்வதை முதன்முதலில் அந்தப் படத்தில்தான் கண்டேன். அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஆனால் திவ்யாவுக்கு முன்பு ஒரு காதலன் இருந்தான், கார்த்திக் நடித்த பாத்திரம். பதிவுத் திருமணம் செய்யவிருந்த நாளிலேயே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் அவள் கண்முன் விழுந்து சாவான். படம் பார்த்த எல்லோருக்கும் நினைவில் நிற்பது அவன்தான். செத்துப்போனவன் சிரித்த முகத்தோடும் குறும்போடும் இருப்பான். உயிரோடு இருக்கும் கணவனோ அலுவலகத்துக்குப் போய் வருவான்.

இளம் வயதில் நான் திவ்யாவின் பக்கமிருந்துதான் இந்தப் படத்தைப் பார்த்தேன். திருமணத்துக்குப் பிறகு ஒருநாள் தற்செயலாக ரீவியில் போனபோது, நான் இருப்பது சந்திரகுமாரின் இடம் என்பது விளங்கியது. எங்கள் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. அவருக்கு என்றும் 23 வயது. நான் வருடா வருடம் நரைத்துக்கொண்டு போகிறேன். (இதைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் இரண்டாந்தாரமாகப் போன வாசகியர் சிலராவது தலையாட்டுவீர்கள்.)

அதனால் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினேன். பிறகு, விருப்பத்தைச் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் வீட்டில் வாய் மூடி இருப்பதா என்று நினைத்துச் சொன்னேன். கதையையும் துப்பாக்கிச் சூடு வரும் இடத்தையும் முன்கூட்டியே சொன்னேன். “பறவாயில்ல, போடு” என்றார்.

அந்த இடம் வந்தது. சத்தத்தைக் குறைத்தேன். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மறுகா அந்தப் புள்ள அவன மறக்கத்தான் வேணுமா?” என்று கேட்டார்.

“மறக்கத் தேவல்ல” என்றேன். படத்தை நிறுத்தினேன்.

அன்றுதான் அவர் முதல் மனைவியைப் பற்றி என்னிடம் விரிவாகப் பேசினார். எப்படி இறந்தார் என்பதைப் பற்றியல்ல. திருமணமான புதிதில் ஒரு வளவில் காதல் கோட்டை பார்க்கப் போனார்களாம். படம் முடியக் கொஞ்சம் முன் ஜெனரேற்றருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவர்கள் கடைசியில் சந்திப்பார்களா என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இவரும் படத்தைப் பார்த்ததில்லை. பகிடிக்கு, சந்திக்கவில்லை, அவள் ரெயினில் ஏறிப் போய்விட்டாள் என்று ஒரு முடிவைச் சொன்னாராம். இரண்டு நாள் கோபத்தில் பேசவில்லையாம். மனைவி இறந்து சில வருடங்களுக்குப் பிறகு, கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் அவர்கள் சந்திப்பதை அப்போதுதான் கண்டாராம்.

“அவவுக்குச் சொல்ல ஏலாமப் பெய்த்து” என்றார். அவ்வளவுதான். நான் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். குடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிவரை பேசினோம். இடையில் மகளின் மூக்கு அவரது மூக்கைப் போலவா, தாயின் மூக்கைப் போலவா என்று வாக்குவாதம்கூட வந்தது.

விடுமுறைக்கு மகள் வந்தபோது மூவரும் இருந்து காதல் கோட்டை பார்த்தோம். தெரிவு அவருடையது. எனக்குத் தெரிய அவர் தன் வாயால் பெயர் சொல்லிக் கேட்ட முதல் படம் அது. கடைசிப் பகுதி வரும்போது, “உங்கட அம்மா இதுவரைக்கும்தான் பாத்தவ” என்று மகளிடம் சொன்னார். அவள் ஒன்றும் பேசாமல் பார்த்தாள். முடிந்த பிறகு, “ஒரு போட்டோ அனுப்பியிருந்தா ரெண்டு பேருக்கும் இவ்வளவு பாடு இல்லையே” என்றாள். அவர் சத்தமாகச் சிரித்தார்.

மௌன ராகத்தின் இரண்டாம் பாதியை அவர் இன்னும் பார்க்கவில்லை. முடிவு என்ன என்று கேட்கிறார். நான் சொல்லவில்லை.