அந்த இரண்டாவது அம்பு எங்கே போகிறது?

ஒரு பனியன் தைத்து முடிவதற்குள் அதன் துணி திருப்பூரில் எத்தனை வீதி சுற்றும் தெரியுமா? நூல் முதலில் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங்... பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முதலாளி. ஜாப் ஒர்க் என்பார்கள். ஆர்டர் பிடித்தவரிடம் எல்லா மெஷினும் இருக்க வேண்டியதில்லை, யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஆர்டர் பெரிதானால் இன்னும் நாலு யூனிட்டுக்கு போன் போடுவார்.

மேலாண்மைப் பாடத்தில் 'துரித கூட்டு வணிக வலைப்பின்னல்' என்று பல்லை உடைக்கிற பெயரில் வருவது ஏறத்தாழ இதுதான். (திருப்பூர்க்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்!)

இப்படிப்பட்ட வலைப்பின்னலை வரைந்து பார்க்கச் சில சட்டகங்கள் உண்டு. 1996-ல் வந்த ஸ்கோர் ஒன்று: திட்டமிடு, வாங்கு, தயாரி, அனுப்பு என்று போகும். அதற்கும் முந்தியது அமெரிக்க விமானப்படையின் திட்டத்தில் பிறந்த ஐடெஃப்-ஜீரோ. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. இடப்பக்கம் உள்ளே வருவது, வலப்பக்கம் வெளியே போவது, மேலே கட்டுப்பாடு, கீழே ஆளும் இயந்திரமும். அவ்வளவுதான். ஆனால் நேர்மையாக வரைந்தால் வம்பு.

சாயப்பட்டறைக்கு ஒரு பெட்டி போடுங்கள். இடப்பக்கம் துணி, சாயம், தண்ணீர், உப்பு. பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆக வலப்பக்கம் இரண்டு அம்புகள். சாயமேறிய துணி காம்பாக்டிங் பெட்டிக்குப் போகிறது. உப்புத் தண்ணீர்?

படத்தில் அதற்குப் பெட்டி இல்லை. நிஜத்தில் நொய்யல் இருந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. கிணறும் நிலமும் கெட்டுப்போன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த அம்பை வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் வலைப்பின்னலில் அவர்களை யாரும் சேர்க்கவில்லை.

2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன, கரண்ட்டும் துண்டிக்கப்பட்டது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரி வலைப்பின்னலின் பலமே மாற்று ஆள்தான். ஒரு பட்டறை படுத்தால் அடுத்த வீதியில் இன்னொன்று. காகிதத்தில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் மாற்று. ஆனால் அத்தனையும் சாய்ந்திருந்தது ஒரே ஆற்றில். ஆறு கைவிட்டதும் எல்லாம் ஒன்றாக நின்றன. ஒரு சொட்டு சாயம்கூடத் தொடாத நிட்டிங்காரருக்கும் தையல்காரருக்கும் சேர்ந்தே வேலை போனது. துணி சாயமேற வெளியூர்களுக்கு லாரி ஏறியது. தனித்தனிப் பெட்டிகளை எண்ணி 'மாற்று இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்தது பெரிய ஏமாளித்தனம்.

பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திரும்ப ஓடின. கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே விடுகிறார்கள். படத்தில் அந்த இரண்டாவது அம்பு இப்போது வளைந்து இடப்பக்கமே வந்துவிடுகிறது. அதை வளைக்க ஆகும் மின்சாரமும் எரிபொருளும் சாயக்கூலியில் ஏறுகின்றன. அந்தக் கூலியில் ஆர்டர் பிடித்தவர் எவ்வளவு சுமப்பார், வெளிநாட்டு பையர் எவ்வளவு சுமப்பார் என்பதை வரைய ஐடெஃப்-ஜீரோவில் அம்பே கிடையாது.