600 அலகுக்குள்

டைப்ரைட்டரில் தலைப்பைத் தடிமனாகக் காட்ட வேண்டுமா? அடித்துவிட்டு, பேக்ஸ்பேஸில் பின்னே வந்து, அதே எழுத்தின் மேல் மறுபடியும் அடிப்போம். யுனிக்ஸில் பழைய ‘என்ராஃப்’ நிரலும் இதைத்தான் செய்தது: எழுத்து, பேக்ஸ்பேஸ், திரும்ப அதே எழுத்து. கோப்பைத் திரையில் காட்டும் ‘லெஸ்’ நிரல் அதைப் பார்த்ததும் போல்டாகக் காட்டிவிடும், இன்றைக்கும்.

*

சோர்ஸ் கோட் ப்ரோ என்றொரு எழுத்துரு, நிரல் எழுதுவதற்கு. அடோபிக்காக பால் ஹன்ட் வடிவமைத்து 2012-ல் வெளிவந்தது, இலவசம். எழுத்தின் அளவு 1,000 அலகு என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் 600 அலகு. ஆங்கிலத்தின் ஒல்லி ‘ஐ’க்கும் அதே, குண்டு ‘எம்’முக்கும் அதே. போல்டிலும் அதே 600.

*

எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருக்களில் போல்டு என்றால் எழுத்து கொஞ்சம் அகலும். இங்கே வீடு ஒற்றை அறை. சதை போட்டால் உள்ளே காற்றோட்டம் குறையும். ‘எம்’முக்கு மூன்று கால், இரண்டு சந்து. சந்து அடைபடாமலிருக்கச் சிலர் நடுக்காலை மெலிய வைப்பார்கள், சிலர் குட்டையாக்குவார்கள். ‘ஐ’க்குத் தலைகீழ்ச் சங்கடம்: இருபுறமும் காலியிடம். அதை நிரப்பக் குறுக்குக்கோடு போட்டுக் கொடுக்கிறார்கள். குறுக்குக்கோடே இல்லாத சான்ஸ் செரிஃப் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் செரிஃப்! பூஜ்ஜியத்துக்கு வயிற்றில் ஒரு புள்ளி, ‘ஓ’ என்று படித்துவிடாமலிருக்க.

*

அகலத்தில் ஏன் இத்தனை பிடிவாதம்? நிரலில் ஒரு சொல்லைப் போல்டாக்கியதும் அது அகன்றால், வரிசையாக நின்ற சமக்குறிகளும் எண்களும் கலைந்துபோகும்.

*

எழுத்துருவில் போல்டு இல்லையென்றால் கணினியே ஒப்பேற்றும்: சாதா எழுத்தைச் சற்றுத் தள்ளி மேலேயே இன்னொரு முறை பதிக்கும். டைப்ரைட்டர் திரும்பி வந்த மாதிரி. சின்ன அளவில் 8-ன் கண்கள் அடைபட்டு, 6-ஆ 8-ஆ என்று திரையருகே குனிய வேண்டியிருக்கும்.

*

தமிழுக்கு இந்த 600 அலகு சட்டை பொருந்துவதே இல்லை. ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் ஒரே அகலமா? டெர்மினலில் தமிழ்க் குறிப்பு எழுதிப் பாருங்கள், எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

*

கண் சோர்கிறதே என்று ஒருமுறை எடிட்டர் முழுவதையும் போல்டுக்கு மாற்றினேன். இரண்டே நாள். எல்லா வரியும் கத்தியதில் எது முக்கியம் என்றே தெரியவில்லை. இப்போது போல்டு, தலைப்புக்கும் பிழைச் செய்திக்கும் மட்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அளவை இரண்டு புள்ளி கூட்டுங்கள், போதும்.